இடுப்பு வலி என்று சொன்னேன்

மார்ச் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து இவருக்கு இடுப்புப் பிடிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒன்பது வருஷமாகப் பிரதமருக்குக் கார் ஓட்டுகிறவர், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. "நீயே ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லிடு. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பாங்க" என்றார். சொன்னேன். போன் எடுக்கும் பெண் பதறிப்போனாள்.

எதிர்வீட்டு சின்ன டிரைவர்தான் இன்று இவருக்குப் பதில். பெரியவருக்கு முதன்முறையாக ஓட்டப்போகிறான், தலைகால் புரியவில்லை. இவருடைய வெள்ளைக் கையுறையை இரவல் கேட்டு வந்தான். "அண்ணி, அண்ணனுக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கச் சொல்லுங்க!" என்று ஒரே கிண்டல். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். வலி, பாவம். தைலம் தேய்த்துவிட்டேன். என் கைராசிக்கு நாளைக்கே ஓடுவார்.

அதே நாள், மாலை

பாலத்தில் குண்டு வெடித்துவிட்டது. பிரதமர் போய்விட்டார். சின்ன டிரைவரும்.

எழுத வரவில்லை.

மார்ச் 7

கடைகள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றன. தெருமுனையில் ராணுவ லாரி. வருகிறவர்கள் என்னிடம், "நீ செஞ்ச புண்ணியம்" என்கிறார்கள். எதிர்வீட்டில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அண்ணன் மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவளைப் பார்க்கவே கூசுகிறது. ஆனால் வலி சொல்லிக்கொண்டா வருகிறது?

மார்ச் 9

விசாரணை அதிகாரி வந்தார். "நீங்கதானே போன் பண்ணது?" ஆமாம் என்றேன். எழுந்து நிற்கவே முடியவில்லை என்று நானாகச் சேர்த்தும் சொன்னேன். கட்டிலில் இவர் முனகினார்.

மார்ச் 10

காய் வாங்கப் போனேன். ஊரடங்கு என்று பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் — தண்ணீர் கேனை ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றி நிற்கிறார். நாலு நாளாக நான் மூச்சு வாங்க இழுத்த கேன்! என்னைப் பார்த்ததும் கேனை இறக்கினார். கை தானாக இடுப்புக்குப் போனது.

"சத்தியமா எனக்கு முழுசாத் தெரியாது. அன்னைக்கு வண்டி எடுக்காதேன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"யாரு?"

கேனை மூலைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

"அவன் கையில கையுறையை எடுத்துக் குடுத்தீங்களே! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ போன் பண்ணியிருப்பியா?"

அடப்பாவி.

பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள் நான். என் வாயையும் இரவல் வாங்கியிருக்கிறான் இந்த மனுஷன். நான் வேறு தைலம் தேய்த்து, கைராசி என்று பீற்றிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

மார்ச் 11

"காட்டிக் குடுத்துடாத" என்கிறார். யார் யாரைக் காட்டிக் கொடுத்தது?

மார்ச் 12

எதிர்வீட்டு வாசலில் சின்ன டிரைவரின் செருப்பு கழற்றிப்போட்டபடியே கிடக்கிறது. அன்று பூட்ஸ் போட்டுக்கொண்டு போனான்.

காலை ஒன்பது மணிக்கு அந்த ஆபீஸ் எண்ணுக்கே போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தாள். என் குரலை உடனே கண்டுகொண்டாள்.

"சொல்லுங்கக்கா. அண்ணனுக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்மா. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.