உறையின் மேல் ஒரு நாடு

லோத்குண்டா,
18-11-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

கடித உறையில் நம் ஊர்ப் பெயருக்குக் கீழே 'திராவிட நாடு' என்று எழுதுவீர்களே, அது எங்கள் சர்க்கார் ஆபீஸ் அதிகாரியின் கண்ணில் பட்டுவிட்டது. அவரும் தமிழர்தான்.

"ஒரு மாநிலம் சட்டப்படி பிரிஞ்சு போக முடியுமாய்யா?"

"சட்டத்துல இடமே இல்ல சார்."

"அப்ப உங்கப்பா?"

உங்களோடு எனக்கு உறவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வேலை தப்பியது. கவலைப்பட வேண்டாம்.

இனித் தபாலில் எழுதாதீர்கள். இதைக் கொண்டுவரும் வரதராஜனிடமே கொஞ்சம் மாவடு கொடுத்தனுப்புங்கள். ஜாடியில் பெயர் வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ரயிலுக்கு அவர் அவசரப்படுகிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளிலும் உங்கள் இனிஷியலோடுதான் கையெழுத்துப் போட்டேன். வேறு கையெழுத்து எனக்குத் தெரியாது அப்பா.

ச. ஜெகநாதன்