கௌசி பாட்டில் வெறும் தாளம்

மே 27, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. ரப்பர் மரம் நனைந்தால் தோட்டமே ருவான்வெல்லைக் கடைத்தெருவுக்கு வந்துவிடும். வந்ததில் பாதி எங்கள் போன் கடைக்குள். எல்லாருக்கும் வேண்டியது ஒரே பாட்டு.

கௌசி பாட்டு. லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராக் கௌசி, என் கூட்டாளி. இப்போது ராப் பாடகி. அவளுடைய முதல் ஆல்பம் 'ஒட்டுப்பால்'. பெயரைப் பார். மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடப்பதை, பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டு பேரும்தான் உரித்துச் சாக்கில் போட்டோம். இன்று கொழும்புக்காரர்கள் வாயில் நுழையாமல் அதைச் சொல்லிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்தப் பெயரை நான்தான் முதலில் சொன்னேன். சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

சிங்களப் பையன் ஒருவன்: "அக்கே, அர தெமள ரெப் எக தாலா தென்ன." அந்தத் தமிழ் ராப்பைத்தான் கேட்டான், போட்டுக் கொடுத்தேன். கடை ஸ்பீக்கரில் அவள் குரல் வந்ததும் சத்தத்தைக் குறைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது: பாண், சித்தாலேப்பத் தைலம், அம்மாவுக்குக் குடை.

மே 28, புதன்

மழை விட்டு விட்டு. பஸ்ஸில் கௌ. பாட்டு. சலூனில் கௌ. பாட்டு. கோயில் ஸ்பீக்கரில்கூட. பூசாரி தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அம்மா, சோறு போடும்போது: "அவ ஒன்னயும்தானே கொழும்புக்குக் கூப்புட்டா. நீதான் பரீட்ச முடியட்டும்னு இருந்துட்ட."

"பரீட்ச பாஸாயிட்டேன்ல."

"பாஸாயி? போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற."

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன், அடங்கவில்லை. இரண்டு பேரில் எனக்குத்தான் வாய் நீளம். லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் யாரும் கேட்பதில்லை.

ஒரே ஆறுதல்: ஆல்பத்தில் நாலாவதாக வரும், எல்லாரும் கேட்கும் அந்தப் பாட்டிலேயே ஓர் ஓட்டை. "மொத வாளி யாரு வாளி, மொத வார்த்த யாரு வார்த்த" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று வாயை மூடிவிடுகிறாள். கொஞ்ச நேரம் வெறும் தாளம். வரி மறந்துவிட்டது போல. இத்தனை பேர் கொண்டாடும் பாட்டில் இத்தனை பெரிய ஓட்டை. இன்று அதற்காகவே மூன்று தரம் கேட்டேன். நிம்மதி.

மே 29, வியாழன்

நிம்மதி போச்சு.

காலையில் லயத்துத் தண்ணீர்ப் பீலியில் போர்வை துவைத்தேன். கல்லில் அடித்த அடி தானாக அந்தத் தாளத்துக்குப் போனது. எட்டாவது சுற்றில் கை நின்றுவிட்டது.

காமன் கூத்தில் என் அப்பா எரிந்த கட்சி, அவள் அப்பா எரியாத கட்சி. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய லாவணி பாடுவார்கள். எங்கள் தோட்டத்து வழக்கப்படி, கேள்வி போட்டவர் எட்டுச் சுற்று வெறும் தாளம் விடவேண்டும். அதற்குள் எதிர்க்கட்சி வாயைத் திறக்காவிட்டால் தோல்வி. நாங்கள் அதையே பீலியில் வாளிச் சண்டைக்குப் பாடினோம். யார் வாளி முதலில் என்று அவள் கேட்பாள். பதில் எப்போதும் நான்.

அப்படியென்றால் அது ஓட்டை இல்லை. என் இடம். ஊரெல்லாம் அந்தப் பாட்டைப் போடுகிறது. போடும்போதெல்லாம் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதைவிட மோசம். கொழும்பில் ஒருத்தி, பீலியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள், அந்தத் தாளத்தில் தன் வரியைப் பாடி வீடியோ விட்டிருக்கிறாள். கௌ. அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறாள். கௌசிமேல் இருந்த எரிச்சலெல்லாம் இப்போது இவள்மேல்.

மே 30, வெள்ளி

ஜும்மா நேரம். முதலாளி: "மகள், நான் பள்ளிக்குப் போய்ட்டு வாறேன். ஷட்டர பாதி எறக்கி வெச்சிக்கோங்க."

முழுதாக இறக்கினேன். தகரத்தில் மழை. போனை சார்ஜர் பெட்டிமேல் சாத்தி வைத்துப் பாடினேன்:

மொத வாளி எங்க வாளி, ஓட்ட வாளி உங்க வாளி
ஒட்டுப்பால உரிச்ச கைய ஒரு வரியில சொன்னியாடி
நான் நின்னேன் நீ போன, பஸ்ஸுக்கு என்ன அவசரம்
பேரு மட்டும் ஒனக்காச்சி, வயித்தெரிச்சல் எனக்காச்சி

கடைசி வரியை மாற்ற நினைத்தேன். மாற்றவில்லை. அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

முதலாளி திரும்பி வந்து: "என்ன மகள், ஸ்டிக்கர் எல்லாம் கோணலா ஈக்கிது?"

மே 31, சனி

நீல டிக் விழுந்திருக்கிறது, கேட்டுவிட்டாள். பதில் இல்லை. பெரிய ஆள். நமக்கெல்லாம் பதில் போட நேரம் இருக்குமா.

அழிக்கப் பார்த்தேன். அழித்தால் அதுவும் தோல்வி.

துவைக்கிற சவர்க்காரம் முடிந்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

வெயில். ஞாயிறானாலும் பால் வெட்டு. அம்மா இருட்டிலேயே மலைக்குப் போய்விட்டாள்.

பீலியில் நிற்கும்போது போன். கௌ. குரல் மெசேஜ். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. எடுத்ததும் தாளம். அதில் என் நாலு வரி, மழைச் சத்தத்தோடு அப்படியே. கடைசி வரியில் யாரோ சிரிக்கும் சத்தம். அவள்தான். பிறகு அவள் குரல்:

ஓட்ட வாளி எங்க வாளி, ஒத்துக்கிட்டேன் போதுமாடி
பஸ்ஸு நின்னு பாத்துச்சே, நீ ஏன்டி ஓடி வரல

வாளி நிரம்பி வழிந்தது. பின்னால் நின்ற அக்கா: "என்னா புள்ள, தண்ணி போவுது. அழுவுறியா சிரிக்கிறியா?"

கௌ. நல்லாக் கேள்வி போட்டுவிட்டாள், சனியன். என்னைவிட நல்லா.

அதன் பிறகு வெறும் தாளம். எண்ணினேன். ஏழாவது சுற்றில் வாயைத் திறந்துவிட்டேன்.