அழுகைச் சுழிக் குதிரை

செப்டம்பர் 9, திங்கள்

சந்தையிலிருந்து வந்து படுத்தேன், எழ மனமில்லை. என் வீட்டுக்காரர் மாத்தி இறந்ததிலிருந்து வண்டி முற்றத்தில் சும்மா கிடக்கிறது. அதை இழுத்த கோவேறு கழுதையை அவர் வைத்தியத்துக்கே விற்றாயிற்று. பெண்களைச் சந்தைக்கு ஏற்றிப்போனால்தான் வீட்டில் ரொட்டி. கொழுந்தன் ஜீலாலியைக் கூட்டிக்கொண்டு குதிரை பார்த்தேன், எதுவும் கைக்கெட்டவில்லை.

குதிரை வியாபாரி பூஅஸ்ஸாவிடம் மட்டும் ஒரு சாம்பல் குதிரை. பல், குளம்பு, மூச்சு எல்லாம் சுத்தம். ஆனால் வருகிறவனெல்லாம் கன்னத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறான். கண்ணுக்குக் கீழே சுழி.

"வேணாம் அண்ணி. அழுகைச் சுழி. கட்டுன வீட்ல அழுகை ஓயாது," என்றான் ஜீலாலி.

"உங்க அண்ணனே போயாச்சு. இனி அழ என்ன பாக்கி?"

செப்டம்பர் 12

பூஅஸ்ஸாவே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். பாதி வரும்படி அவருக்கு. வாங்க ஆள் வந்தால் திருப்பித் தந்துவிட வேண்டும். சரி என்றேன். இந்த வருஷம் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

செப்டம்பர் 16

ஒருத்தியும் ஏறவில்லை. வெறும் வண்டியை ஓட்டிப்போய் வெறும் வண்டியை ஓட்டிவந்தேன்.

செப்டம்பர் 23

பக்கத்து வீட்டு ரஹ்மா ஏறினாள். "ரெண்டு புருஷன் அழ வைக்காததையா ஒரு குதிரை அழ வச்சிரப்போவுது? தள்ளி உக்காரு." அவளைப் பார்த்து இன்னும் சிலர் ஏறினார்கள்.

அக்டோபர் 21

இப்போது இடம் பிடிக்கச் சண்டை. எனக்குத்தான் உடம்பெல்லாம் அசதி. திரும்பும்போது கடிவாளத்தைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறேன். குதிரை தானாக வீடு சேர்க்கிறது. மாத்தி இருந்தபோதுகூட யாரும் என்னை இப்படித் தூங்கவிட்டதில்லை.

நவம்பர் 6

பூஅஸ்ஸா வந்து தேநீர் குடித்தார்.

"மேல ஊர்க்காரர் ஒருத்தர் கேக்குறார்மா. 'புருஷன் செத்தப்பவே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, குதிரை வந்த பொறவும் விடல, சுழி செத்துப்போச்சு'ன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டார்."

அன்று அழவில்லைதான். வரவில்லை, என்ன செய்ய? கல்நெஞ்சக்காரி என்றார்கள். இப்போது அந்தக் கல்நெஞ்சையே சாட்சி வைத்துக் குதிரையை விற்கிறார்கள். போகட்டும் என்று எழுதத்தான் பார்க்கிறேன். போகட்டும் என்று தோன்றவில்லை. அது போனால் வண்டியும் போச்சு, நானும் போச்சு.

நவம்பர் 8, வெள்ளி

வாங்குகிறவரும் வந்திருந்தார். கயிற்றை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். வாசலைத் தாண்டாமல் அது வண்டியையே பார்த்தது. அவ்வளவுதான் — எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல, அழுகை. வெள்ளை உடுத்தி, புருஷனுக்காக இத்தா துக்கம் இருந்தப்பகூட வராதது. மண்ணுல உக்காந்து மாத்தி பேரச் சொல்லிச் சொல்லி... குதிரைக்கா, அவருக்கா, எனக்கா? தெரியல. நிறுத்த முடியல. தெருவே கூடிருச்சு.

நவம்பர் 9

வாங்க வந்தவர் கயிற்றைத் தெருவிலேயே போட்டுவிட்டு, இறைவனிடம் பாதுகாப்புத் தேடிக்கொண்டே போய்விட்டாராம். பூஅஸ்ஸா காலையில் குதிரையைக் கொண்டுவந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நெசமாவே அழுதியாம்மா, நடிச்சியா?"

"நெசமாத்தான் அண்ணே."

"நடிச்சேன்னு சொல்லியிருந்தா வேற யாருக்காவது தள்ளியிருப்பேன். இனி எவன் வாங்குவான்? நீயே ஓட்டு. பாதிய மட்டும் ஒழுங்கா குடு."

நவம்பர் 11, திங்கள்

சந்தைக்குப் போனோம். வழியில் மாத்தி ஞாபகம், மறுபடி கண் நிறைந்துவிட்டது. முக்காட்டை இழுத்தேன். ரஹ்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காத. எதிர்ல குதிரைத் தரகனுங்க வர்றானுங்க. நல்லா பாத்துட்டுப் போவட்டும்."

துடைக்கவில்லை.