சிவப்பு மையில் அடித்த வரிகள்

செப்டம்பர் 9

இந்தப் பள்ளிக்கு மாறி வந்து ஆறு நாள். பத்தாம் வகுப்புக்கு இன்று அலுவலகக் கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினேன். "ஆபீசருக்கு நேரம் கிடையாது. அழாதீங்க, கதை அளக்காதீங்க, கேக்க வந்ததக் கேளுங்க" என்றேன். பதினேழு வருடமாக ஒப்பிக்கிற வசனம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ எங்க வீட்ல யாருமே லெட்டர் எழுத முடியாது டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

வீட்டுப்பாடம்: உங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டு ஒரு கடிதம்.

செப்டம்பர் 11

நாற்பத்தொரு கடிதங்கள். தெருவிளக்கு கேட்டு மட்டும் பத்தொன்பது. ஒருவரைப் பார்த்து ஒருவர் அடித்த காப்பி.

ஓயாமல் கதை சொல்வதால் பிள்ளைகள் 'வானொலி' என்று பட்டம் வைத்திருக்கும் பெண் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், ஆலையின் குடியிருப்பு அதிகாரிக்கு. அங்கே வேலை பார்த்த அப்பா இறந்துவிட்டாராம். டிசம்பர் தேர்வு முடியும்வரை ஆலை கொடுத்த வீட்டிலேயே இருக்க விட வேண்டுமாம். அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறதாம். அடுப்புக்கு எத்தனை அடி, குழாய்க்கு எத்தனை அடி என்று இந்த வீடு மட்டும்தான் அவர் காலுக்குத் தெரியுமாம். நன்றாகக் கயிறு திரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா, கண், அடுப்பு எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்தேன். ஓரத்தில், 'கற்பனை நன்று. கதை வேண்டாம், பொருளுக்கு வா.' பத்துக்கு எட்டு.

செப்டம்பர் 12

எல்லோரும் திருத்தியதை நகல் எழுதினார்கள். வானொலி மட்டும் இரண்டு நகல். எதற்கென்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 24

வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து ஒரு கவரை நீட்டினாள். "பதில் வந்திருக்கு டீச்சர். என்ன சொல்றாங்கன்னு சரியா புரியல."

ஆலையின் முத்திரை. 'சிறப்புக் காரணம் எதுவும் குறிப்பிடப்படாததால் தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 30ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கவும்.'

"நிஜமாவே அனுப்புனியா?"

"நீங்க திருத்திக் குடுத்ததுதானே டீச்சர். ஒரு எழுத்துகூட மாத்தல."

அப்பா போய் நான்கு மாதமாம். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் – ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளக் கூப்பிட்டு கேட்டிருந்தா என்ன? என் வாய்க்கு என்ன கேடு? மன்னித்துவிடு என்று சொல்லவும் வரவில்லை. "நான் பாத்துக்கறேன்" என்றேன். நம்பிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 25

அரைநாள் விடுப்பு எடுத்து, அவளுடைய நோட்டோடு ஆலைக்குப் போனேன். குடியிருப்பு அதிகாரி நல்ல மனிதர், அதுதான் தாங்கவில்லை. நான் அடித்த கோடுகளுக்குக் கீழே விரல் வைத்துக் கடைசிவரை படித்தார்.

"இத முதல்லயே எழுதியிருந்தா மேல அனுப்பியிருப்பேன். இப்ப வேற ஆளுக்கு ஒதுக்கி ஆர்டர் போயிடுச்சு. இதெல்லாம் யாரு அடிச்சது?"

"நான்தான்."

நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

செப்டம்பர் 30

அவள் வரவில்லை.

அக்டோபர் 3

குடியிருப்புக்கே போய்ப் பார்த்தேன். புதிதாக வந்தவர்கள் சமையலறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். "சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "அந்த அக்கா வண்டியில ஏற மாட்டேன்னு ஒரே அழுகை. பொண்ணுதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு." முகவரி அவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 21

அலுவலக எழுத்தர் ஒரு கடிதத்தோடு ஆசிரியர் அறைக்கே வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவள் எழுதியிருக்கிறாள். "பாருங்க டீச்சர், அஞ்சே வரி. பெரியவங்களுக்கே இவ்வளவு கச்சிதமா வராது. உங்க வகுப்புதானே?"

வாங்கிப் பார்த்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதனதன் இடத்தில். காரணம் என்ற இடத்தில் 'இடமாற்றம்' என்று ஒரே சொல். புது வீட்டில் அம்மா எப்படி நடக்கிறார் என்று ஒரு வரியாவது இருக்குமா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் போதுமாம், நேரில் வர மாட்டாளாம்.