பெரிய பங்களாவின் முதல் தட்டு

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் மழை. கஹவத்தையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பெரிய பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் அதன் வரலாற்றை என்னிடம் தமிழில் எழுதித் தரக் கேட்கிறார்கள். சிங்களமும் இங்கிலிஷும் எப்போதோ முடிந்துவிட்டன. தமிழ் கடைசியில். வழக்கம்தானே.

கட்டியவர் கோப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. சட்டநிரூபண சபை உறுப்பினர். அங்கே ரோட்டுக்காகப் பேசினார், தன் கோப்பி இறங்க. அவர் காலத்திலிருந்து திருவிழாவில் அம்மன் தேர் பங்களா வாசலில் நிற்கும். துரை வந்து முதல் பூசைத் தட்டை வாங்கி, "போகலாம்" என்ற பிறகுதான் நகரும். கோப்பி போய்த் தேயிலை, ரப்பர். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பிறகு கம்பனி. தேர் நிற்பது மட்டும் நிற்கவில்லை.

அப்பா கோயில் தலைவராக இருந்த வருஷம் அப்போதைய துரை பகல் தூக்கம். எழும்பும்வரை அம்மனும் நின்றாள், அப்பாவும் நின்றார். பார்த்துக்கொண்டு நானும்.

23, புதன்

கோயில் கமிட்டி. தலைவர் குமரேசன், என் மனைவியின் தம்பி. நான் உட்கார வேண்டிய நாற்காலி. அதை விடுவோம்.

இந்த வருஷம் தேர் நிற்காமல் போகட்டும் என்றேன்.

"அந்த அம்மனே நிக்கிறா. ஒங்களுக்கு என்ன மச்சான், கால் வலிக்குதா?" குமரேசன். ஒரே சிரிப்பு.

"யாருக்காக நிக்கணும்? ஹோட்டல் மெனேஜருக்கா?"

"ஆளுக்கு இல்லீங்க சார், வாசலுக்கு," என்றார் பூசாரி.

என் பக்கம் ஒருவரும் இல்லை. டீயில் சீனியும் இல்லை.

25, வெள்ளி

எழுதியதைக் கொடுத்தேன். மெனேஜர் மாத்தயாவுக்குச் சந்தோஷம். திருவிழா அன்று போர்ட்டிக்கோவில் நின்று விருந்தாளிகளுக்கு நானே கதை சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். தேர் நிற்கும்போது அவர் முகத்துக்கு நேரே சொல்வேன், இது என்ன வழக்கம் என்று.

வாங்க: சப்பாத்து பொலிஷ், சவர பிளேட்.

27, ஞாயிறு

தேர். நல்ல மழை. மெனேஜர் அவசரமாக இரத்தினபுரிக்குப் போய்விட்டார். விருந்தாளிகள் மேல்மாடியில், போனோடு. போர்ட்டிக்கோவில் நான் மட்டும், ஹோட்டல் கொடுத்த கோட்டில்.

மேளம் நின்றது.

"மெனேஜர் எங்க மச்சான்?"

"இல்ல. வர இருட்டிரும். நிக்காம போங்க."

"தட்டு வாங்காம எப்படிப் போறது?"

பூசாரி படியேறி வந்தார். "வாசல்ல நிக்கிறது நீங்கதானே சார். எடுத்துக்கங்க."

மறுத்துப் பேச எவ்வளவோ வைத்திருந்தேன். கை நீண்டுவிட்டது. பழம், வெற்றிலை, கற்பூரச் சூடு. மாலை போட்டார்கள். தலைப்பாகையும் கட்டினார்கள், இறுக்கமாக.

அப்புறம் ஒருவரும் அசையவில்லை. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி. தேரைத் தோளில் சுமப்பவர்களின் முகத்தில் தண்ணீர் வழிகிறது. குமரேசன் சட்டை நனைந்து, கீழ்ப்படியிலிருந்து என்னையே அண்ணாந்து பார்க்கிறான்.

"சொல்லுங்க மச்சான்."

"போகலாம்" என்ற ஒரு சொல்தான். வாய்வரை வந்துவிட்டது. உடனே சொல்லவில்லை.