பனங்கொட்டைக்கு என்ன நடந்தது?

ஃபஹாஹீல், குவைத்,
தைப்பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் தாரகனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குக் கொஞ்சம் முறைப்பாடு வைக்கிறது, அதற்குத் தைலம் இருக்கிறது. நீ சுகமா என்று நான் இந்த முறை வழமைக்காகக் கேட்கவில்லை ராசா, உண்மையாகவே அறியவேண்டும் என்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "சுகம் அம்மா, பிஸி அம்மா, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதில் நான் என்னத்தைப் பிடிக்கிறது. அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன், கீழ்வீட்டு கௌஸ் முகம்மது அண்ணாவின் மகள் நஜீஹா ரொறன்ரோவுக்குப் படிக்க வருகிறாள், அவள் கையில் பார்சலோடு கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூள், தட்டை வடை, அரைக்கை பனியன் நாலு இருக்கிறது. நஜீஹாவிடம் இன்னொரு வேலையும் ஒப்படைத்திருக்கிறேன், உன் முகத்தைப் பார்த்து மெலிந்திருக்கிறாயா என்று சொல்லவேண்டும், முடிந்தால் உன் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே என்ன கிடக்கிறது என்றும் பார்க்கவேண்டும். கோபிக்காதே, உன் அம்மா துருவித் துருவி விடுப்புக் கேட்காமல் இருக்கமாட்டாள் என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மாதத்தில் இருந்து நீ போனில் விளையாடுகிற உன் பந்து அணியை, அந்தப் பனங்கொட்டையைத் தொடவே இல்லை. காயப்பட்டவன் காயப்பட்டபடி கிடக்கிறான், விளையாடாமல் வீட்டில் இருக்கிற ஒருவன்தான் இன்னும் உனக்குக் கேப்டன். நீ தடிமன் காய்ச்சலில் கிடந்தாலும், சோதனைக்குப் படித்தாலும், வேலை மாறின கிழமையிலும் இதை விட்டவன் இல்லை. விமானத்தில் ஏறி இருந்துகொண்டு ஆள் மாற்றினவன் நீ, பெல்ட்டைப் போடு என்று அந்தப் பெண்பிள்ளை பேசினதைச் சொல்லிச் சிரித்தாயே. அப்படிப்பட்டவன் ஏன் கை விட்டாய் என்பதுதான் என்னுடைய கேள்வி. வேலையில் ஏதும் பிரச்சினையா, உடம்பு சரியில்லையா, யாரும் மனம் நோகச் செய்தார்களா. போனில் நீ என்னவும் சொல்லலாம், பனங்கொட்டை வேறு கதை சொல்லுகிறது.

அம்மாவுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்பாய். இந்த மாரியில்தான் நான் இந்த விளையாட்டை ஒழுங்காகப் படித்தேன். இங்கிலாந்தில் உண்மையாக ஓடுகிறவர்களில் பதினைந்து பேரை நாங்கள் போனில் பொறுக்கி வைக்கிறோம், அவர்கள் அங்கே கோல் அடித்தால் எங்களுக்கு இங்கே புள்ளி, கேப்டன் அடித்தால் அது இரட்டிப்பு. சனிக்கிழமை ஆட்டம் தொடங்க முதல் ஆள் மாற்றலாம், நேரம் முடிந்தால் கதவு பூட்டு, பிறகு எல்லாருடைய அணியும் எல்லாருக்கும் தெரியும். இவ்வளவும் விளங்கிவிட்டது. விளங்காதது ஒன்று, கோல் வாங்காமல் சும்மா நின்றாலே கோல்கீப்பருக்கு ஏன் புள்ளி கொடுக்கிறார்கள். கௌஸ் அண்ணாவிடம் கேட்டேன், "அக்கா, வாட்ச்மேனுக்குச் சம்பளம் குடுக்குறோம்ல, திருடன் வராத மாசமும் குடுக்கத்தானே செய்றோம்" என்றார். அது சரியாகத்தான் பட்டது.

எனக்கு இந்த விளையாட்டில் ஒரு பங்கு உண்டு என்பதை நீங்கள் இரண்டு பேரும் வசதியாக மறந்துவிடுவீர்கள், நான் மறக்கவில்லை. நீ ஏழாம் வகுப்பில் இருக்கும்போது அப்பாவும் கௌஸ் அண்ணாவும் வேலை செய்கிற கம்பனி ஆட்கள் இந்த லீக்கைத் தொடங்கினார்கள். பந்து வட்டம் என்பதைத் தவிர அப்பாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, நீதான் பக்கத்தில் ஏறி இருந்து சொல்லிக்கொடுத்தாய், இரண்டு பேரும் சேர்ந்து பனங்காய் என்று பெயர் வைத்தீர்கள், அந்தப் பெயரைக் கம்பனியில் இருந்த எகிப்துக்காரர் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முதல் வருஷம் முன்னுக்கு ஓடுகிறவர்களாகவே வாங்கிக் குவித்து, பின்னால் காவலுக்கு நல்ல ஆளில்லாமல் கடைசியாக வந்தீர்கள். பத்தாம் வகுப்பு வருஷம்தான் பெரிய வெற்றி. கடைசி நாள், கௌஸ் அண்ணாவின் அணி முன்னுக்கு நிற்கிறது, யாரைக் கேப்டன் ஆக்குவது என்று அப்பாவும் நீயும் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்தீர்கள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு இருந்தவள் வந்து, "அந்த மூக்கு நீண்ட பெடியனைப் போடுங்கோ, முகத்தைப் பாத்தாச் சாப்பிடாத பிள்ளை மாதிரிக் கிடக்கு, பசியோட ஓடுவான்" என்றேன். சிரித்தீர்கள், ஆனால் போட்டீர்கள். அவன் மூன்று கோல் அடித்தான். தோற்றவர் பிரியாணி போடவேண்டும் என்பது பேச்சு, கௌஸ் அண்ணா எல்லாருக்கும் ஒரு முட்டை வைத்தார், எனக்கு மட்டும் இரண்டு வைத்து, "எனக்கு எதிரி அண்ணன் இல்ல, அக்காதான்" என்றார். அந்தப் பிரியாணி மாதிரி அவர் பிறகு ஒருநாளும் சமைக்கவில்லை.

தோல்வி என்றால் மணிக்கூட்டுத் தோல்விதான். பன்னிரண்டாம் வகுப்பு, பங்குனி மாதம். மாரி முழுக்க எங்கள் நேரம் இரண்டு மணிக்குத்தான் கதவு பூட்டும், அப்பா சனிக்கிழமைகளில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஆள் மாற்றுவது பழக்கம். இங்கிலாந்துக்காரர் பங்குனியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைப்பார்கள் என்பதை இங்கே யார் நினைக்கிறது, குவைத்தில் வெய்யில் மாறினாலும் மணிக்கூடு மாறாது. நான் அன்று நண்டுக் கறி வைத்திருந்தேன், அப்பா ஓட்டை உடைத்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு மணிக்கே பூட்டியாகிவிட்டது. காயப்பட்டவன்தான் கேப்டன், அவனுக்குத் துணையாக வைத்தவனும் வெளியில். வருஷ முடிவில் இரண்டு புள்ளியால் முதலாமிடம் போனது. நீ அப்பாவோடு கதைக்கவில்லை, சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாய். அப்பா மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். உன் அறை வாசலில் வந்து நின்று, "தம்பி, வாற வருஷம் கோல்கீப்பருக்கு ஆரைப் போடுவம்" என்று கேட்டார். நீ தலையைத் தூக்காமல் ஒரு பெயர் சொன்னாய். அவ்வளவுதான், சமாதானம். நான் அறைக்கு வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், இதென்ன ஆட்கள் என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

கனடாவுக்குப் போனதும் தனி அணி தொடங்கி, பனங்காயில் இருந்து வந்தது என்று பனங்கொட்டை என்று பெயர் வைத்தாய். அப்பா அதைக் கம்பனியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். பிறகுதான் அந்த வேலைப் பிரச்சினை வந்தது. அவர் மேனேஜரிடம் போய்க் கேட்டு உனக்கென்று இங்கே ஒரு இடம் எடுத்துவைத்தார், நீ வரமாட்டேன் என்றாய், அவருக்குத் தலை குனிவாகப் போய்விட்டது. யார் சரி யார் பிழை என்று நான் திரும்பக் கிண்டவில்லை. இரண்டு வருஷமாக நீ எடுத்தால் போனை என் கையில் தந்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விடுகிறார், நீயும் அப்பா எங்கே என்று கேட்பதில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் இரண்டு பேருடைய அணியும் ஒரே பட்டியலில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கும். இந்த இரண்டு வருஷத்தில் வேறு எங்கேயும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததில்லை.

இனித்தான் கதை. ஆவணியில் இந்த வருஷத்து ஆட்டங்கள் தொடங்கினபோது பனங்காய் முதலாமிடம். மார்கழியில் பார்த்தால் கீழே, பிறகு இன்னும் கீழே. கௌஸ் அண்ணா என்னைப் படிக்கட்டில் மறித்து, "என்னக்கா, அண்ணனுக்கு என்னாச்சு, ஆஸ்பத்திரி வார்டுல போய் டீம் எடுக்குறாரு" என்றார். வயது போகிறது, கண் தெரியவில்லை, மறதி வருகிறதோ என்று எனக்குப் பயம் பிடித்தது. சமையலுக்கு உப்புப் போட்டாரா, டியூட்டி பஸ்ஸைத் தவறவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கவனித்தேன், மனுஷன் நல்ல தெளிவு. அதனால்தான் அந்த விளையாட்டையே படிக்கத் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பாவின் ஆள் ஒருவன் இரண்டு கோல் அடித்தான். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், போனைச் சோபாவில் எறிந்துவிட்டு, "இவன் ஏன் இப்ப கோல் அடிக்கிறான், ஆர் இவனை இறக்கச் சொன்னது" என்று ஏசுகிறார். தன் ஆள் கோல் அடித்ததற்கு ஏசுகிற ஒருவரை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா.

தொழுகைக்குப் போன கௌஸ் அண்ணாவுக்காக அப்பா கீழே கடையில் காத்து நின்ற நேரம், அவர் விட்டுவிட்டுப் போன போனைத் திறந்து பார்த்தேன். பதினைந்து பேரில் அரைவாசிப் பேருக்குப் பக்கத்தில் காயம் என்ற சிவப்புக் கொடி. கேப்டனுக்குக் கால், துணைக் கேப்டனுக்கு முதுகு. ஒருவரும் பழைய ஆட்கள் இல்லை, ஒவ்வொரு கிழமையும் நல்லவனை எடுத்துவிட்டுக் காயக்காரனைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார். பட்டியலில் கடைசியில் பனங்காய். அதற்கு ஒரு படி மேலே பனங்கொட்டை. அதற்குமேல் பெரிய இடைவெளி விட்டு மற்ற எல்லாரும்.

திரும்பி வந்தவரிடம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நேரடியாகக் கேட்டேன், இஞ்சருங்கோ, இது என்ன வேலை என்று. முதலில் உமக்கு உதெல்லாம் விளங்காது என்றார். விளங்கின அளவுக்குச் சொன்னேன். தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "பெடியன் டீமைத் தொடுறான் இல்லை, என்னவோ நடந்திருக்கு. அவன் அடியில தனியக் கிடக்கிறதைப் பாக்கேலாமக் கிடக்கு. நானும் கீழ போய் நிண்டா அவன் கடைசி இல்லைத்தானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதது அவருக்குப் பிடிக்கவில்லை, சீனி குறைவு என்று தேத்தண்ணியைக் குறை சொன்னார்.

பார் ராசா, ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவர் அவர்தான். நான் கிழமைக்கு ஒருமுறை உன் குரலைக் கேட்டு ஏமாந்துகொண்டு இருந்தேன், அவர் உன் குரலே கேட்காமல் கண்டுபிடித்தார். என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லு. வேலை போயிருந்தால் வேறு வேலை வரும், யாரோடும் மனக்கசப்பு என்றால் அதுவும் ஆறும், உடம்புக்கு ஏதும் என்றால் ஒளிக்காமல் சொல்லு, நான் அடுத்த விமானத்தில் ஏறுவேன், குளிருக்கு எனக்குப் பயமில்லை. ஒன்றுமே இல்லை, சும்மா அலுத்துப்போய் விட்டேன் என்றால் அதையும் சொல்லு, நான் ஏசமாட்டேன். இராத்திரியில் பாணும் பட்டரும் மட்டும் சாப்பிட்டுப் படுக்காதே, ஒரு பிடி அரிசியாவது அவி. காலுறை ஈரமாக இருந்தால் மாற்று.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதி முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். பார்சலுக்கு டேப் ஒட்டும்போது வந்து நின்று, நிறை எவ்வளவு வரும் என்றார், இவ்வளவுக்கும் கயிறு காணுமா என்றார், பிறகு பல்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கடிதம் எழுதுறீர் எண்டால் ஒண்டு கேளும். அந்த இடப்பக்கம் ஓடுற பெடியனுக்குக் கால் முறிஞ்சு கனகாலம். அவனை என்னத்துக்கு இன்னும் வைச்சிருக்கிறான், ஆரைப் போடலாம் எண்டு இருக்கிறான்" என்றார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பா உன்னிடம் கேட்கிற முதல் கேள்வி இது. உன் அறை வாசலில்தான் நிற்கிறார் என்று நினைத்துக்கொள். தலையைத் தூக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பெயர் சொல்லு.

நல்லூர்க் கந்தன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், நல்லாய் இரு. மறந்துவிடாதே, எங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானம் என்றால் உனக்கு விடியக்காலை, அலாரம் வைத்து எழும்பு. நான் அன்றைக்கு நண்டு வாங்கமாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
தியாகராசா குமுதினி