மடியில் சொருகிய பொட்டலம்

டிசம்பர் 2, 1958. செவ்வாய்.

மழை இல்லை, மஞ்சு மட்டும். கீழே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினோம். வளைவுகளில் அத்தானுக்கு வாந்தி. எனக்கு ஒன்றுமில்லை. நோயாளி யாரென்று கண்டக்டருக்கே சந்தேகம்.

கட்டியில் துண்டு எடுத்து அனுப்பியதற்குப் பதில் வந்துவிட்டது. புற்றுதான். இடது மார்பு.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. நம்மைவிடச் சுத்தமான தமிழ். இரண்டு வழி சொன்னார். ஒன்று, மார்பு முழுதும், அடிச்சதையோடு, அக்குள் நெறிகளோடு எடுத்துவிடுவது. கை வீங்கலாம், தூக்கச் சிரமம். மற்றது, மார்பை மட்டும் எடுத்துவிட்டு, மெட்ராஸில் தங்கிக் கட்டியைக் கருக்க எக்ஸ்ரே கரண்டு வைத்துக்கொள்வது.

"உங்களுக்கு அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. நான் முதலாவதைத்தான் சொல்லுவேன்."

மூன்றாவது வழியை அவர் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டுக்குத் தெரிந்த வழி. சும்மா இருப்பது. அக்கா அப்படித்தான் இருந்தாள், இதே நோய்க்கு. போய் ஐந்து வருஷம். பிறகு என்னை அத்தானுக்கே கட்டி வைத்தார்கள். அக்கா மகள் வள்ளிக்கு எவளோ ஒருத்தி சித்தியாக வருவதைவிட, உள்ள சித்தியே வரட்டும் என்று.

அத்தான் கையெழுத்துப் போடவில்லை. "வெள்ளிக்கிழமை ஆண்டவர்கிட்ட பூக்கட்டிக் கேட்டுட்டு வர்றோம்ங்க." டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த செவ்வாய்க்குக் கட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் தள்ளக் கூடாதாம்.

பஸ்ஸில் முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டேன். அக்கா போர்த்துகிற மாதிரியே. சேலையும் அவளுடையதுதான்.

டிச. 3. புதன்.

குளிர். வாசலில் காயப்போட்ட துணி நேற்றையதும் காயவில்லை.

எங்களுக்குத் தைலக்கடை. புண் வாடை தெரியாமல் இருக்க அக்கா யூகலிப்டஸ் தைலத்தைச் சேலையில் ஊற்றிக்கொள்வாள். கடை வாடையோடு அந்த வாடையும் ஒன்றாகப் போனதால் வெளியாருக்குச் சந்தேகம் வரவில்லை. இப்போது அடுக்களைக்குள் நுழைந்தால் அந்தத் தைல வாடை எனக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. இன்று திரும்பிப் பார்த்தேவிட்டேன். யாருமில்லை. பயமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

வள்ளி பத்து நாளாக எதையும் இடது கையால்தான் வாங்குகிறாள். தட்டு, காசு, திருநீறு கூட. அத்தையிடம், அதாவது அவள் அப்பத்தாவிடம், அடியும் வாங்கியாயிற்று. இன்று தலை பின்னும்போது கேட்டேன். வலது கையை விரித்துக் காட்டினாள்:

"இந்தக் கைதான சித்தி அன்னைக்குச் செவப்பை எடுத்துச்சு? அப்பத்தா பக்கத்து வீட்ல சொல்லிச்சு. இவ எடுத்த பூவாலதான் இவ அம்மா போனான்னு."

அப்போது அவளுக்கு நாலு வயது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்து, வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். குழந்தை கையால் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். சிவப்பு வந்தது.

"வெள்ளிக்கிழமை நான் எடுக்க மாட்டேன்." சடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பாதிதான் பின்னியிருந்தேன்.

டிச. 5. வெள்ளி.

வெள்ளனே எழுந்து குளியல். வெந்நீர் அடுப்பு புகை. இரண்டு ரோஜாச் செடியிலும் பூ இருந்தது, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்றேன். இரண்டு இலைத் துண்டு, ஒரே அளவு, ஒரே நூல். இரண்டிலும் வெள்ளை இதழ். சிவப்பை அடுப்பில் போட்டேன்.

ஆண்டவரை ஏமாற்றினேனா? அவர் மலையில் இருப்பவர், ரோஜாச் செடியைத் தாண்டித்தான் எங்கள் வீட்டைப் பார்ப்பார். தெரிந்துதான் விட்டிருப்பார்.

குறிஞ்சி ஆண்டவர் கோவில். பனி விலகிப் பழனிப் பக்கம் கொஞ்சம் தெரிந்தது. வள்ளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அத்தானுக்குக் கோபம். "எடுத்தாத்தான் என்ன? வெரசா எடு!" நான் குனிந்து, "எதை எடுத்தாலும் சரி, சித்தி சொல்றேன்ல" என்றேன். கண்ணை மூடி, இடது கையால் ஒன்றைத் தொட்டாள். குருக்கள் பிரித்தார். வெள்ளை.

அத்தான் தேம்பினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை பார்க்கிறேன். இவர் என்னையும் நினைக்கிறார் போலிருக்கிறது. மற்றப் பொட்டலத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன்.

டிச. 6. சனி.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக: கம்பளி இரண்டு, டம்ளர், சீப்பு, பழைய சேலை கிழித்தது. ரவிக்கையில் முன்பக்கம் திறக்கிறது வேண்டுமாம்.

அத்தை பூண்டு உரித்துக்கொண்டே, தலை நிமிராமல்:

"ஒங்க அக்காளும் நானே கட்டுறேன்னுதான் நின்னா. எடுக்காத பொட்டலத்த ஒன்னைய மாதிரியே மடியில சொருகிக்கிட்டா."

மடித்த கம்பளியைக் கீழே வைத்தேன்.

"அவ போனப்பறம் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். காஞ்சு கெடந்தாலும் செவப்பு தெரியாதா?"

"ஏன் அத்தை யாருக்கும் சொல்லலை?"

"செத்தவ மேல என்னத்தச் சொல்ல? சாமிய ஏச்சுட்டுப் போனான்னு சொல்லவா?"

செத்தவள் மேல் சொல்லக் கூடாது, ஒன்பது வயதுப் பிள்ளை மேல் சொல்லலாம். வாய் வரை வந்தது. கத்தவே செய்தேன். அத்தை பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆக, இரண்டிலும் சிவப்பு. அக்கா தானே முடிவு செய்திருக்கிறாள். கத்தி வேண்டாம் என்று. ஏன்? பயமா? வெட்டின உடம்போடு அத்தான் முன்னால் நிற்கக் கூச்சமா? கோவிலிலிருந்து வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள், எனக்கு நினைவிருக்கிறது. மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அந்தக் கூச்சம்தான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

டிச. 8. திங்கள்.

ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். இங்கே வெயில். மலை தூரத்தில் நீலமாக.

அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். எந்த வழி என்று டாக்டரம்மா அவரைத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "முதலாவது. முழுசா." அத்தான் என்னைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் போன மாதமே ஆபரேஷன் ஆகிவிட்டது. சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கை தூக்கப் பழகுகிறாள். இரண்டு முழம் ஏறுகிறது. "பல்லி மாதிரி போறேன்ல?" என்று சிரிக்கிறாள்.

இங்கே டெட்டால் வாடைதான். ஆனாலும் தலையணையில் தைலம் மணக்கிறது. அக்கா, வந்துவிட்டாயா?

டிச. 9. செவ்வாய்.

காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. பத்து மணிக்கு என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோவார்கள்.

அத்தான் வள்ளியைக் கூட்டிவந்தார். அவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுப் பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். பிரித்தாள். இதழ் வாடியிருந்தது, வெள்ளை தெரிந்தது.

"இதுவும் வெள்ளையா? அப்ப நான் எதை எடுத்திருந்தாலும்...?"

"ஆமா."

இதழை நகத்தால் தள்ளிக்கொண்டே இருந்தாள். "அப்ப அம்மாவுக்கு?"

"ரெண்டும் செவப்பு. அம்மாவே கட்டினது. நீ எதை எடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். ஓங்கையில ஒண்ணுமில்ல."

"அம்மா ஏன் அப்படிக் கட்டுச்சு?"

"தெரியலடா."

அழவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். நர்ஸ் எனக்கு வந்த ரொட்டியை எடுத்துப்போக வந்தாள், நான் சாப்பிடக் கூடாது என்று. பிள்ளைக்குக் கொடுங்கள் என்றேன்.

வள்ளி வலது கையை நீட்டினாள்.